வெறும் ஃபிரேமிலிருந்து ஒரு கார்பன் ஹார்ட்டெயில்

முழு சைக்கிளாக வாங்குவதுதான் லாபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசி வரை படித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்து என்னைத் திட்டுவீர்கள். சைக்கிள் கம்பெனிகள் கியரையும் பிரேக்கையும் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகின்றன, நாம் ஒன்று ஒன்றாக வாங்குகிறோம், அந்த வித்தியாசத்தை எந்தத் தள்ளுபடியும் ஈடுகட்டாது. ஆனாலும் நான் வெறும் ஃபிரேமை வாங்கித்தான் கட்டினேன். ஒரு முழு சைக்கிளை வாங்கி, முதல் மாதத்திலேயே சக்கரம், ஹேண்டில்பார், சீட், டயர் என்று பாதியைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு வைக்கிற ஆள் நான். அதற்குப் பதிலாக வேண்டியதை மட்டும் வாங்குவது மேல் என்று தோன்றியது.

ஏன் ஹார்ட்டெயில்? முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள் இது. பின்னால் ஷாக் கிடையாது, மூட்டுகள் கிடையாது, மாற்ற வேண்டிய பேரிங்குகள் குறைவு. கிராஸ்கன்ட்ரி ரகக் கார்பன் ஃபிரேம் ஒன்று சுமார் 1 கிலோவுக்குள் வந்துவிடும், மிக இலகுவானவை 900 கிராமுக்கும் கீழே. மேட்டில் ஏறும்போது பெடலில் கொடுத்த பலம் நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்தில் அதே நேர்மையுடன் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வருகிறது, அது வேறு விஷயம்.

சைக்கிள் கட்டுவது என்றதும் ஸ்பானரும் கிரீஸும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது கடைசி இரண்டு நாள் வேலை. அதற்கு முந்தைய வேலை முழுவதும் படிப்பு. ஃபிரேமைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே மற்ற பாகங்களில் முக்கால்வாசி முடிவாகிவிடுகின்றன. எந்த ஹப், எந்த அச்சு, எந்த ஹெட்செட், எவ்வளவு தடிமனான சீட்போஸ்ட், முன்னால் எவ்வளவு பெரிய பல்சக்கரம் என்று எல்லாவற்றையும் அந்தக் கார்பன் குழாய்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. நமக்கு மிச்சம் இருப்பது கம்பெனியும் நிறமும்தான் என்றுகூடச் சொல்லலாம். அதனால் ஃபிரேமின் அளவுப் பட்டியலை முழுசாகப் படிக்காமல் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல தள்ளுபடி வந்தாலும்.

பின் ஹப்பிலிருந்து, அதாவது பின்சக்கரத்தின் நடுப்பாகத்திலிருந்து தொடங்கலாம். இப்போது வருகிற மலை சைக்கிள் ஃபிரேம்களில் பெரும்பாலானவை பூஸ்ட், அதாவது 148 மி.மீ. அகலம், 12 மி.மீ. அச்சு. முன்னால் 110-க்கு 15. இதற்கு முந்தைய தலைமுறை 142. ஆறு மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே போவதால் செயின் ஓடும் கோடும் பிரேக் தட்டான ரோட்டர் நிற்கும் இடமும் கூடவே நகர்கின்றன. பழைய நல்ல சக்கரத்தைப் புது ஃபிரேமில் போட்டுக்கொள்ளலாம் என்கிற கனவு இங்கேதான் கலையும். அடாப்டர்கள் இருக்கின்றன, ஆனால் புதுசாகக் கட்டுகிற சைக்கிளில் முதல் நாளே ஒட்டுப்போடுவதில் எனக்கு விருப்பமில்லை. இன்னொரு சின்ன விஷயம், பின் அச்சின் மரை. விட்டம் ஒன்றாக இருந்தாலும் மரையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், நீளமும் மாறும். ஃபிரேமோடு அச்சு வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தனியாகத் தேடி அலைவது எரிச்சலான வேலை.

அடுத்து பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கைகளான கிராங்கின் அச்சு சுழல்கிற பேரிங் கூடு. இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. மரை போட்டு இறுக்குகிற வகை இருந்தால் அதையே எடுங்கள். அழுத்திப் பொருத்துகிற பிரஸ்ஃபிட் வகையைக் கம்பெனிகள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. கார்பனுக்குள் அலுமினிய மரைக்கூட்டைப் பதிக்க வேண்டாம், எடை குறையும், செய்வதும் சுலபம். ஆனால் அந்தத் துளை 41 மி.மீ. என்றால் மிகத் துல்லியமாக 41 ஆக, வட்டமாக, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பேரிங் கூடு உள்ளே நுண்ணியதாக அசையும், பெடலை மிதிக்கிறபோதெல்லாம் கிரீச் கிரீச் என்று கத்தும். நன்றாகச் செய்யப்பட்ட பிரஸ்ஃபிட் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கைக்கு வரும் ஃபிரேம் எப்படிச் செய்யப்பட்டது என்று கட்டி முடிக்கும்வரை தெரியாதே. நான் எடுத்தது பி.எஸ்.ஏ. என்கிற மரை வகை, 73 மி.மீ. அகலம். பொருத்தும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். செயின் இருக்கிற வலது பக்கம் இடது மரை. வழக்கமான திசைக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். அது தெரியாமல் பலத்தைக் காட்டினால் ஃபிரேமின் மரை போய்விடும்.

ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி, பார்ப்பதற்குப் பயமுறுத்தும், ஆனால் படிக்கத் தெரிந்தால் எளிது. இசட்.எஸ். 44, இசட்.எஸ். 56, ஐ.எஸ். 42, ஐ.எஸ். 52 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். முதல் இரண்டு எழுத்து எந்த வகைப் பொருத்தம் என்று சொல்கிறது, பின்னால் வரும் எண் ஃபிரேமின் முன்குழாயான ஹெட் டியூப் துளையின் அளவு. ஐ.எஸ். வகை என்றால் பேரிங் நேராக ஃபிரேமில் வார்த்த இருக்கையில் உட்காரும், அழுத்தும் கருவியே வேண்டாம், கையால் வைத்தால் போதும். இசட்.எஸ். என்றால் கூட்டை அழுத்தி ஏற்ற வேண்டும். இதற்குச் சுத்தியல் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்பன் ஃபிரேமில் தயவுசெய்து வேண்டாம். நீளமான போல்ட்டும் தடிமனான வாஷர்களும் வைத்தே மெதுவாக, நேராக அழுத்திவிடலாம்.

முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் விஷயத்தில்தான் ஆசை கண்ணை மறைக்கும். ஃபிரேம் 100 மி.மீ. பயணத்துக்கு, அதாவது ஃபோர்க் அவ்வளவு தூரம் அமுங்குவதற்கு வடிவமைத்தது என்றால் 120 போட்டால் என்ன என்று தோன்றும். 20 மி.மீ. கூடினால் முன்பக்கம் உயர்ந்து, ஹெட் டியூபின் சாய்வான தலைக்கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட்டும் கொஞ்சம் மேலே போகும். இறக்கத்தில் நிதானம் வரும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். பல ஃபிரேம்கள் இந்த இரண்டு அளவையும் அனுமதிக்கின்றன, என்னுடையதும் அப்படித்தான், நான் 120 எடுத்தேன். ஆனால் கம்பெனி சொன்ன எல்லைக்கு மேலே போகக் கூடாது. ஃபோர்க் நீளமாக நீளமாக ஹெட் டியூபைப் பிடித்து நெம்புகிற பலம் கூடுகிறது, கார்பன் அடுக்குகள் அந்தக் கணக்குக்கு அடுக்கப்பட்டவை அல்ல.

ஹார்ட்டெயிலுக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. நாம் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும்தான் அமுங்குகிறது, பின்பக்கம் அமுங்க எதுவும் இல்லை. 120 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் அமுங்கினால் 24 மி.மீ., அதாவது தலைக்கோணம் ஒரு டிகிரிக்கும் மேலாக நிமிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் இரு முனையும் சேர்ந்து இறங்குவதால் கோணம் இவ்வளவு மாறாது. அதனால் இரண்டு வகையின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து 67 டிகிரி, 67 டிகிரி, ஒன்றுதான் என்று முடிவு செய்யாதீர்கள்.

கியரில் எல்லோரும் விழுகிற குழி ஃப்ரீஹப். பின் ஹப்பில் பல்சக்கரத் தொகுதியான கேசட் ஏறுகிற அந்த உருளை மூன்று வகையாக இருக்கிறது. கியர் தயாரிக்கும் ஷிமானோவின் பழைய ஹெச்.ஜி., போட்டிக் கம்பெனியான ஸ்ராம் 2012-ல் கொண்டுவந்த எக்ஸ்.டி., ஷிமானோ 2018-ல் கொண்டுவந்த மைக்ரோ ஸ்பிளைன். ஏன் மூன்று? பழைய உருளை தடிமனானது, அதன் மேல் 11 பல்லுக்குக் குறைவான பல்சக்கரம் உட்காராது. 10 பல் வேண்டும் என்றதும் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆக ஷிமானோவின் 10 முதல் 51 பல் வரையுள்ள 10-51 கேசட் வாங்கினால் மைக்ரோ ஸ்பிளைன், ஸ்ராமின் 10-52 வாங்கினால் எக்ஸ்.டி. இருக்க வேண்டும். சக்கரம் வாங்கும்போதே இதைச் சொல்லி வாங்க வேண்டும். நல்ல ஹப்புகளில் இந்த உருளையை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்று கேட்டால், என் கணக்கு இது. சக்கரத்திலும் டயரிலும் பிரேக்கிலும் கஞ்சத்தனம் வேண்டாம். சுழல்கிற இடத்தில் குறைகிற எடையைக் காலே சொல்லும், நல்ல டயர் இல்லாத கார்பன் ஃபிரேம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்துகிற டீரெயிலர் மட்டும் நடுத்தரமாகப் போதும். பாறையில் முதலில் அடிபடுவது அதுதான், விலையுயர்ந்தது உடைந்தால் மனசும் உடையும். ஷிஃப்டரில் ஒரு படி மேலே போங்கள், விரலுக்குத் தெரிகிற சுகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கேசட்டில் எடைக்கும் விலைக்கும் நடக்கிற போட்டி வேடிக்கையாக இருக்கும். ஸ்ராமின் 12 கியர் கேசட்டுகளில் கீழ்நிலை என்.எக்ஸ். 615 கிராம், ஜி.எக்ஸ். சுமார் 450, அதற்கு மேலே இருப்பவை 350-ஐ ஒட்டி வரும். எல்லாம் செய்கிற வேலை ஒன்றுதான். நான் நடுவில் நின்றுகொண்டேன்.

சரி, பாகங்கள் வந்துவிட்டன, இப்போது கட்டலாம். முதல் கருவி டார்க் ரெஞ்ச், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற ஸ்பானர். கையளவில் இறுக்கிப் பழகியவர்களுக்கு இது தேவையில்லாத பொருளாகத் தெரியும். அலுமினியமோ இரும்போ அதிகமாக இறுக்கினால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் அப்படி அல்ல. வெளியே ஒன்றும் தெரியாமல் உள் அடுக்குகள் பிரிந்துவிடும், பிறகு ஒருநாள் எதிர்பாராத இடத்தில் முறியும். சீட் கிளாம்ப், ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிடிக்கிற ஸ்டெம்மின் போல்ட்டுகள் எல்லாம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான், அது நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. கேசட் பூட்டு வளையத்துக்கு 40, அங்கே நாம் நினைப்பதைவிட அதிகம். சரியான எண் பெரும்பாலும் அந்தந்தப் பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும்.

ஸ்டாண்டில் மாட்டும்போது மேல் குழாயைக் கவ்வ விடாதீர்கள். அங்கே கார்பன் சுவர் மிக மெல்லியது. ஏதாவது ஒரு பழைய அலுமினிய சீட்போஸ்ட்டைச் செருகி அதைக் கவ்வ வையுங்கள்.

கிரீஸ் எங்கே, பேஸ்ட் எங்கே என்பதும் முக்கியம். உலோகத்தில் உலோகம் திருகும் மரைகளுக்குக் கிரீஸ். கார்பனைக் கிளாம்ப் பிடிக்கிற இடங்களுக்குக் கார்பன் பேஸ்ட், அதில் மணல் போன்ற நுண்துகள்கள் இருக்கும், குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் பிடிக்கும். அலுமினிய சீட்போஸ்ட்டை வெறுமனே கார்பன் ஃபிரேமில் செருகிப் பல மாதம் விட்டால், ஈரமும் வியர்வை உப்பும் சேர்ந்து அலுமினியம் அரித்துப் பூத்து உள்ளேயே இறுகிப்போகும். கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதால் வருகிற வினை இது. பேஸ்ட் தடவி, அவ்வப்போது கழற்றித் துடைத்து மறுபடி போட்டால் தொந்தரவில்லை.

வேலையில் வரிசை முக்கியம், அந்த வரிசையில் முதலிடம் கேபிளுக்கு. ஃபோர்க்கும் கிராங்கும் ஏறுவதற்கு முன்பே பின் பிரேக் ஹோஸ், கியர் கேபிள் உறை, ஓட்டும்போதே சீட்டை இறக்க உதவும் டிராப்பர் சீட்போஸ்ட்டின் கேபிள் எல்லாவற்றையும் ஃபிரேமுக்குள் ஓட்டிவிடுங்கள். பாட்டம் பிராக்கெட் துளையும் ஹெட் டியூபும் திறந்திருக்கும்போது விரலும் கொக்கியும் உள்ளே போகும். என் ஃபிரேமில் பின்சக்கரத்துக்குப் போகிற செயின்ஸ்டேவுக்குள் வார்த்தே வைத்த குழாய் இருந்தது, பின்னாலிருந்து தள்ளினால் முன்னால் வந்தது, அவ்வளவுதான். முன்னாலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்குகிற டவுன் டியூப் அப்படி இல்லை, வெறும் குகை. நூலை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும், நூலில் கட்டிக் கேபிளை இழுத்துக்கொள்ளலாம். காந்தம் வைத்த கருவிகளும் கிடைக்கின்றன. எப்படிச் செய்தாலும் டவுன் டியூபுக்குள் ஓடுகிற ஹோஸுக்கு ஃபோம் உறை போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் கரடுமுரடான பாதையில் டப்பாவுக்குள் போட்ட கூழாங்கல் மாதிரி கடகடவென்று அடித்துக்கொண்டே வரும், அதற்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

டிராப்பர் போடுவதாக இருந்தால் ஃபிரேம் வாங்கும் முன்பே சீட் டியூபின் உள்ளே எவ்வளவு ஆழம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். 30.9 அல்லது 31.6 விட்டம் என்றால் தேர்வு நிறைய, 27.2 என்றால் குறைவு. விட்டம் சரியாக இருந்தும் குழாயின் வளைவோ தண்ணீர் பாட்டில் போல்ட்டோ உள்ளே இடித்து, போஸ்ட் முழுசாக இறங்காமல் நிற்பது உண்டு.

ஹெட் டியூபுக்குள் ஏறுகிற ஃபோர்க்கின் தண்டான ஸ்டியரரை வெட்டுவதுதான் திரும்பப் பெற முடியாத வேலை. அதனால் அவசரப்படாமல் எல்லா ஸ்பேசர் வளையங்களையும் போட்டு, ஸ்டெம்மையும் வைத்து, சாய்ந்து பிடித்துப் பார்த்து, அப்புறம் கோடு போடுங்கள். வெட்டிய முனை ஸ்டெம்மின் அல்லது மேல் ஸ்பேசரின் விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் மூடி அழுத்த இடம் இருக்கும். ஒரு ஸ்பேசர் கூடுதலாக விட்டு வெட்டினால் பிறகு மனசு மாறினாலும் இடம் உண்டு. ஆக்சா பிளேடு, வெட்டும் வழிகாட்டி, அரம், போதும். கார்பன் ஸ்டியரர் அல்லது ஹேண்டில்பார் வெட்டுவதாக இருந்தால் பிளேடை நனைத்துக்கொள்ளுங்கள், முகமூடி போடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

மேல் மூடியின் போல்ட் ஸ்டெம்மைப் பிடித்து வைப்பதற்கு அல்ல. அது பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போது மூடியை மெல்ல இறுக்கி, முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட்டில் விரல் வைத்துப் பார்த்து, ஆட்டம் போனதும் நிறுத்தி, அதற்குப் பிறகுதான் பக்கவாட்டுப் போல்ட்டுகள். முன்பக்கம் தூக்கினால் ஹேண்டில் தன்னால் ஒரு பக்கம் சாய வேண்டும். சாயவில்லை என்றால் இறுக்கம் அதிகம்.

கிராங்க் சுலபம். ஷிமானோவின் 24 மி.மீ. அச்சு என்றால் வலது பக்கத்திலிருந்து செருகி, இடது கிராங்க் கையைப் போட்டு, பிளாஸ்டிக் மூடியை விரலால் திருகுகிற அளவுக்கு மட்டும் இறுக்கி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. ஸ்ராமின் டப் அச்சு 28.99 மி.மீ., அதற்குப் பாட்டம் பிராக்கெட்டே வேறு. அங்கே ஒரே போல்ட், 54 நியூட்டன் மீட்டர், சின்ன ரெஞ்ச் எட்டாது.

டீரெயிலர் மாட்டும் ஹேங்கரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. முன்பெல்லாம் ஃபிரேமுக்கு ஒரு வடிவம் இருந்தது, உடைந்தால் அதே கம்பெனியைத் தேட வேண்டும். 2019-ல் ஸ்ராம் யு.டி.ஹெச். என்று ஒரே பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது, ஒன்றுக்கொன்று போட்டியான ஃபிரேம் கம்பெனிகள்கூட ஏற்றுக்கொண்டன. 2023-ல் ஏன் இவ்வளவு தாராளம் என்று புரிந்தது, ஹேங்கரே இல்லாமல் அதே இடத்தில் நேராக மாட்டுகிற டீரெயிலரை அவர்கள் வெளியிட்டார்கள். எப்படியோ, நமக்கு நன்மை. இதன் போல்ட்டும் இடது மரைதான். புது ஃபிரேமாக இருந்தாலும் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பது நல்லது. 12 கியரில் இடைவெளிகள் அவ்வளவு நெருக்கம், சிறு வளைவும் நடுக்கியர்களில் தடுமாற்றமாக வெளிப்படும். செயின் நீளத்துக்கும், டீரெயிலரைக் கேசட்டிலிருந்து தள்ளி நிறுத்துகிற பி திருகுக்கும் கம்பெனி சொன்ன அளவையே வையுங்கள். பி திருகு கொஞ்சம் தள்ளினாலும் பெரிய பல்லுக்கு ஏற மறுக்கும், நாமோ கேபிளைத் திருகிக்கொண்டிருப்போம்.

பிரேக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை, எண்ணெய். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் எனப்படும் பிரேக் திரவம், சில புது மாடல்களுக்கு மினரல். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். டாட் திரவம் பெயின்ட்டையும் அரிக்கும், சிந்தினால் உடனே துடையுங்கள். ஹோஸை வெட்டியபின் முனையை இறுக்கும் ஆலிவ் என்கிற வளையமும் முள் என்கிற செருகுகுழாயும் புதிதாகப் போட வேண்டும், பழையதை மறுபடி இறுக்கினால் கசியும்.

டியூப்லெஸ் டயருக்குப் பலரும் பயப்படுகிறார்கள், காரணமில்லாமல் இல்லை. டேப்பை ரிம்மின் அகலத்துக்கு ஏற்றதாக வாங்கி, சுத்தமாகத் துடைத்த ரிம்மில் இழுத்து ஒட்டினால் பாதி வெற்றி. சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு ஒரேயடியாகக் காற்றை அடித்தால் விளிம்பு டப் டப் என்று ஏறும். 29 அங்குல 2.35 டயருக்குச் ஓட்டையை அடைக்கிற சீலன்ட் திரவம் சுமார் 100 மில்லி ஊற்றினேன். அது சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். ஹார்ட்டெயிலில் பின் டயர்தான் உங்கள் சஸ்பென்ஷன், கல் மாதிரி காற்றடித்து அதைக் கெடுக்காதீர்கள். நான் பின்னால் 24, முன்னால் 21 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிறேன்.

முதல் ஓட்டத்துக்கு முன் பிரேக்கைப் பழக்க வேண்டும். கொஞ்சம் வேகமெடுத்து, நிற்காமல், நடை வேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படி முன்னுக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. இதைச் செய்யாமல் நேராக மலைக்குப் போய்விட்டு பிரேக் பிடிக்கவில்லை, கத்துகிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

எனக்கு இரண்டாவது ஓட்டத்தில் ஒரு கிரீச் சத்தம் வந்தது. மிதித்தால் வரும், நிறுத்தினால் போகும், கேட்டவர்கள் எல்லோரும் பாட்டம் பிராக்கெட் என்றார்கள். கார்பன் ஃபிரேமில் சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது, வெற்றுக் குழாய் முழுக்க அதைக் கடத்தி எங்கிருந்தோ வருவதுபோலக் காட்டும். அதனால் நின்றுகொண்டு மிதித்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. உட்கார்ந்ததும் வந்தது. சீட்டின் அடியில் இருக்கும் தண்டவாளக் கம்பி கிளாம்ப்பில் உட்காருகிற இடத்தைத் துடைத்து, பேஸ்ட் தடவி, சொன்ன அளவுக்கு இறுக்கியதும் போய்விட்டது. உங்களுக்கும் வந்தால் முதலில் சீட், அடுத்து சீட்போஸ்ட், பிறகு பின் அச்சு, ஹேங்கர், பெடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட் பக்கம் கடைசியாகப் போகலாம்.